எத்தனை மார்க் வந்தால் பயப்பட வேண்டும்?

இந்த முறை நான்கு கடிதங்கள். நான்குமே, உடம்பில் ஏதாவது ஒன்று என்றவுடன் கைப்பேசியை எடுத்துத் தேடுவது பற்றியவை. முதல் கடிதத்துக்கு மட்டும் அதிக இடம் எடுத்துக்கொண்டேன். எழுதியவர் இணைத்திருந்த தாள்களை உட்கார்ந்து கூட்டிப் பார்த்ததில் எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போயிற்று. அந்தக் கணக்கைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 36 வயது. கணக்குப் பிரிவில் வேலை. மூன்று மாதம் முன்பு இடது கண்ணிமை துடிக்க ஆரம்பித்தது. தேடினேன். ஏ.எல்.எஸ். என்கிற நரம்பு நோயின் பெயர் வந்தது. அன்றிலிருந்து கெண்டைக்கால் சதையும் துடிக்கிறது. தினமும் ராத்திரி தேடுகிறேன். அப்படித் தேடும்போதுதான், இந்த மாதிரி விடாமல் தேடுவதற்கே ‘சைபர்காண்ட்ரியா’ என்று பெயர் இருப்பதும், அதை அளக்க 33 கேள்விகள் இருப்பதும் தெரிந்தது. ஒரு தளத்தில் போட்டுப் பார்த்தேன். 101 வந்தது. மறுநாள் 93. அடுத்த வாரம் 108. நேற்று 97. எக்செல் ஷீட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். இதில் எது சரியான மார்க்? எத்தனைக்கு மேல் போனால் நோய் என்று அர்த்தம்? நான்கு தாள்களையும் இணைத்திருக்கிறேன். மனைவியிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை, போனால் அவர் என்ன சொல்வாரோ என்று.
(பெயர் வேண்டாம் என்கிற வாசகர்)

பதில்: முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, உளவியல் ஆலோசகர். எனக்கு மருந்து எழுதத் தெரியாது. ஆனால் மார்க் கூட்டத் தெரியும்.

கூட்டிப் பார்த்தேன். உங்கள் 101 தப்பு.

பதறாதீர்கள், குறைவாக வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் போட்டது சைபர்காண்ட்ரியா தீவிர அளவுகோல். அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓவன் மெக்எல்ராய், மார்க் ஷெவ்லின் என்கிற இருவர் உருவாக்கி 2014ல் வெளியிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 1, ‘எப்போதும்’ என்றால் 5. ஆக, 33ல் தொடங்கி 165 வரை போகலாம். ஆனால் அந்த 33ல் மூன்று கேள்விகள் மட்டும் தலைகீழ். அவை மருத்துவர் மேல் உள்ள நம்பிக்கையைப் பற்றியவை. நான் தேடிக் கண்டுபிடித்ததைவிட டாக்டர் சொல்வதைத்தான் நம்புவேன் என்கிற ரீதியில் இருக்கும். அதற்கு ‘எப்போதும்’ என்று டிக் செய்தால் அது நல்ல செய்தி. அதனால் கூட்டும்போது 5ஐ 1ஆகத் திருப்பிப் போட வேண்டும். நீங்கள் நான்கு தாளிலும் மூன்று கேள்விக்கும் ‘எப்போதும்’ என்றுதான் டிக் செய்திருக்கிறீர்கள். அந்தத் தளம் திருப்பாமல் அப்படியே 15 என்று சேர்த்துக்கொண்டது. சேர்த்திருக்க வேண்டியது 3. டாக்டரை நம்பியதற்கு 12 மார்க் அபராதம்!

ஆக 101 என்பது 89. மற்றவை 81, 96, 85.

இதைப் படித்ததும் 12 குறைந்ததே என்று ஒரு நிம்மதி வந்திருக்கும். அந்த நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எது சரியான மார்க் என்று கேட்டீர்கள். நான்கும் ஒன்றேதான். 108 வந்த தாளின் மூலையில் நேரம் பதிவாகியிருக்கிறது: அதிகாலை 1.20. தேடியபின் தூக்கம் வர மாட்டேன் என்கிறதா என்று கேட்கும் கேள்விக்கு அந்த நேரத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ‘எப்போதும்’ என்றுதான் போடுவார். நேற்றைய தாள் மதியம் போட்டது. அதில் அதே கேள்விக்கு ‘சில சமயம்’. உங்கள் நோய் ஒரு வாரத்தில் ஏறி இறங்கவில்லை. கேள்விக்கு உட்கார்ந்த நேரம்தான் மாறியிருக்கிறது. நான்காவது தடவை போடும்போது கேள்விகளும் மனப்பாடம் ஆகியிருக்கும், போன தடவை போட்ட பதிலும் ஞாபகம் வரும். அதற்குப் பிறகு வருகிற எண்ணில் உங்கள் மனநிலை எவ்வளவு, ஞாபகசக்தி எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

எத்தனைக்கு மேல் போனால் நோய்? அப்படி ஒரு கோடு இல்லை. இதை உருவாக்கியதே ஆய்வுக்காக. நூற்றுக்கணக்கானவர்களிடம் கொடுத்து, பதற்றம் அதிகமுள்ளவர்களிடம் இந்த எண்ணும் அதிகமாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க. தனி ஆளைப் பாஸ், ஃபெயில் போட அல்ல. இன்னொன்று, சைபர்காண்ட்ரியா என்பதே இன்னும் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் ஏறவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ‘நோய் பற்றிய பதற்றக் கோளாறு’ உண்டு, இந்தப் பெயர் கிடையாது.

சரி, அப்படியானால் அந்தத் தாள்கள் குப்பையா? இல்லை. மொத்தத்தைப் பார்க்காதீர்கள், பிரித்துப் பாருங்கள். அந்த 33 கேள்விகளும் ஐந்து பகுதிகளாகப் பிரியும். உங்கள் முதல் தாளைப் பிரித்தேன்.

தேடல் மற்ற வேலையைக் கெடுக்கிறதா என்கிற பகுதியில், 40க்கு 14. பரவாயில்லை. ஆபீஸ் கணக்கு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே விஷயத்தை எத்தனை பக்கத்தில், எத்தனை தடவை தேடுகிறீர்கள் என்பதில் 40க்கு 29. தேடியபின் வருகிற மன உளைச்சலில் 40க்கு 31. மருத்துவர் மேல் அவநம்பிக்கை 15க்கு 3, அதற்குக் கீழே போகவே முடியாது. ஆனால் படித்ததை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேட்கிறீர்களா என்று பார்க்கும் பகுதியில் 30க்கு 12தான்.

கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாக்டரை முழுசாக நம்புகிறீர்கள். அதனாலேயே போகவில்லை. கைப்பேசி என்ன சொன்னாலும் ‘அது கிடக்கட்டும்’ என்று இன்னொரு பக்கத்தைத் திறக்கலாம். டாக்டர் சொல்லிவிட்டால் அப்படித் தள்ள முடியாது. நம்பிக்கை குறைவாக இருந்திருந்தால் இந்நேரம் மூன்று டாக்டரைப் பார்த்திருப்பீர்கள். 89 என்கிற ஒற்றை எண்ணில் இதெல்லாம் தெரியாது. இதே 89ஐ வாங்குகிற இன்னொருவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறவராகவும் இருக்கலாம். (இந்த அவநம்பிக்கைப் பகுதி மற்ற நான்கோடு சரியாக ஒட்டவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகளிலும் தெரிந்தது. 2019ல் வந்த 12 கேள்விச் சுருக்க வடிவத்தில் அதை எடுத்தே விட்டார்கள்.)

இனி கண்ணிமைக்கு வருவோம். எனக்கும் துடித்தது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த வருடம், வலது கண், கீழ் இமை. முதல் பக்கத்தில் தூக்கமின்மை, களைப்பு, காபி என்று போட்டிருந்தது. மூன்றும் எனக்குப் பொருந்தின. அதோடு மூடி வைத்திருக்கலாம். ஆனால் பொருந்துகிற காரணம் சுவாரஸ்யமாக இருப்பதில்லை, அடுத்த பக்கத்துக்குப் போனேன். ‘கண்ணிமை’ என்று தேடியவள், அங்கிருந்து ‘தசைத் துடிப்பு’ என்று தேடினேன். அந்த ஒரு சொல் மாறியதும் உங்களுக்கு வந்த அதே மூன்று எழுத்துகள் வந்துவிட்டன. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்து, தொடையில் கையை வைத்துக்கொண்டு துடிக்கிறதா என்று காத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் துடித்தது. துடிக்காமல் என்ன செய்யும்? யாருக்கும் அவ்வப்போது எங்காவது ஒரு சதை துடித்துக்கொண்டுதான் இருக்கும். வேறு வேலை இருக்கும்போது அது மூளை வரை வந்து சேராது. நாம் வேறு வேலையை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தால் எல்லாரும் வருவார்கள். உங்கள் கெண்டைக்கால் துடிப்பு தேடியதற்குப் பிறகுதான் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதில் உங்கள் மூளையை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2009ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தலைவலி, நெஞ்சுவலி, தசைத் துடிப்பு என்று சாதாரணமாகத் தேட ஆரம்பிப்பவர்கள் எப்படிப் படிப்படியாகப் பெரிய நோய்களின் பெயருக்குப் போய்ச் சேருகிறார்கள் என்று பார்த்த ஆய்வு. தலைவலி என்று தேடினால் வரும் முடிவுகளில், காபியை நிறுத்தியதால் வரும் தலைவலிக்கும் மூளைக்கட்டிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இடம் கிடைத்ததை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நிஜத்தில் இரண்டும் ஒரே தராசில் நிற்குமா? புற்றுநோய் வகை மூளைக்கட்டி ஒரு வருடத்தில் லட்சம் பேரில் பத்துக்கும் குறைவானவர்களுக்கே புதிதாக வருகிறது. எது அதிகம் எழுதப்படுகிறதோ, எது அதிகம் சொடுக்கப்படுகிறதோ அது மேலே வருகிறது. அது எத்தனை பேருக்கு வருகிறது என்பது வேறு கணக்கு. நீங்கள் கணக்குப் பிரிவு ஆள், செய்தி எண்ணிக்கையை நோயாளி எண்ணிக்கையாகப் பதிவு செய்தால் லெட்ஜர் எப்படி நிற்கும்?

இப்போது செய்ய வேண்டியது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்களுக்குத் தெரிந்த பொது மருத்துவரிடம் போங்கள். ‘இமை துடிக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ‘ஏ.எல்.எஸ். என்று பயமாக இருக்கிறது’ என்று நோயின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அந்த நோயில் மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது துடிப்பை அல்ல, தசையின் பலம் குறைகிறதா என்பதை. அதை அவர் கையால் அழுத்தி, நடக்கவைத்துச் சோதிப்பார். கைப்பேசி எத்தனை பக்கம் காட்டினாலும் உங்கள் கணுக்காலை மடக்கிப் பார்க்காது. மூன்று மாதமாக இமைத் துடிப்பு நிற்கவில்லை என்றால் அதற்காகவே ஒரு தடவை காட்ட வேண்டியதுதான், பயத்துக்காக அல்ல.

அடுத்தது உங்கள் எக்செல் ஷீட். அழிக்கச் சொல்ல மாட்டேன், அழித்தால் இன்னொன்று திறப்பீர்கள். தலைப்புகளை மட்டும் மாற்றுங்கள். முதல் கட்டம்: எத்தனை மணிக்குத் தேட ஆரம்பித்தேன், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. இரண்டாவது: தேடும் முன் பயம் பத்துக்கு எத்தனை. மூன்றாவது: மூடி வைத்த உடனே எத்தனை. நான்காவது: ஒரு மணி நேரம் கழித்து எத்தனை. இரண்டு வாரம் போதும்.

மூன்றாவது கட்டத்தில் சில நாள் எண் இறங்கியிருக்கும். ‘ஒன்றும் இல்லை போலிருக்கிறது’ என்று ஒரு பக்கம் சொல்லியிருக்கும், 7 என்பது 4 ஆகியிருக்கும். அந்த மூன்று புள்ளிக்காகத்தான் மறுநாளும் தேடுகிறீர்கள். நான்காவது கட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பழையபடி 7 இருக்கும், சில நாள் 8. இதை நான் சொல்லி நீங்கள் நம்புவது வேறு, உங்கள் ஷீட்டிலேயே பதினான்கு வரிசையாகப் பார்ப்பது வேறு. ஒருவேளை நான்காவது கட்டமும் இறங்கியே இருந்தால்? ரொம்ப நல்லது, உங்களுக்குத் தேடல் பிரச்சினை இல்லை. நான் சொன்னது தப்பு என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

என் அனுபவத்தில் முதல் கட்டம்தான் பலரை ஆச்சரியப்படுத்துகிறது. ‘அதற்கு முன் என்ன நடந்தது’ என்கிற இடத்தில் உடம்பு சம்பந்தமே இல்லாத விஷயம் வந்து நிற்கும். மேலதிகாரி அனுப்பிய ஒற்றை வரிச் செய்தி, வீட்டில் பாதியில் நின்ற ஒரு பேச்சு.

அதுவரை அந்த 33 கேள்விகளைத் தொடாதீர்கள். பயத்தைத் தேடிப் போனீர்கள், பிறகு தேடுவது நோயா என்று தேடினீர்கள், இப்போது அந்த மார்க் சரியா என்று தேடுகிறீர்கள். மூன்றும் ஒரே வேலை. இரண்டு வாரம் கழித்தும் உளைச்சல் அப்படியே இருந்தால் நேரில் ஒரு உளவியல் நிபுணரைப் பாருங்கள். சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்றாக உதவுகிறது. நோய்ப் பதற்றம் உள்ளவர்களுக்கு அதையே இணையம் வழியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020ல் வந்தது. அவர்களுடைய சைபர்காண்ட்ரியா மார்க் குறைந்தது. ஆமாம், இணையம் வழியாகத்தான்! எனக்கும் சிரிப்பு வந்தது.

மனைவியிடம் சொல்லுங்கள். இரவு ஒன்றரை மணிக்கு ஒருவர் விழித்திருப்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா?

கேள்வி: அக்கா, என் அம்மாவுக்கு 61 வயது. போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்ததில் இருந்து ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் கைப்பேசியில் தேடுகிறார். இரண்டு எண்கள் மட்டும் லேசாக வெளியே இருக்கின்றன. டாக்டர் பார்த்துவிட்டுக் கவலை இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் அம்மா நாள் முழுக்க என்னிடம் ‘இது ஒன்றும் இல்லைதானே?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அலுத்துவிட்டது. அம்மாவுக்குப் பதிலாக நானே அந்த மாதிரி ஒரு சோதனைத்தாளை நிரப்பி அளந்து பார்க்கலாமா?
(ஒரு வாசகி)

பதில்: வேண்டாம். இந்த வகைத் தாள்கள் எல்லாமே உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பவை. தேடியபின் அம்மாவுக்குப் பசி போகிறதா என்பதை வேண்டுமானால் நீங்கள் பார்க்கலாம், நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பார்க்க முடியாது. நீங்கள் நிரப்பினால் வருவது உங்கள் அலுப்பின் மார்க்.

உங்களால் அளக்க முடிந்தது ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறார் என்று எண்ணுங்கள். மனசுக்குள் போதும், அம்மா முன்னால் கோடு போட்டுக் காட்டாதீர்கள்.

அம்மாவுக்கு நீங்களும் ஒரு தேடுபெட்டி. கேட்டால் ‘ஒன்றும் இல்லம்மா’ என்று வரும். நிம்மதி வரும். அரை மணியில் கரையும். மறுபடி கேட்பார். அதற்காக, பதிலே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடாது, அப்போது ‘ஏதோ மறைக்கிறாள்’ என்று ஆகிவிடும். ஒரு தடவை நிதானமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். ‘அம்மா, இதுக்கு டாக்டர் பதில் சொல்லிட்டார். நான் திரும்பச் சொன்னா உனக்குக் கொஞ்ச நேரம்தான் தாங்குது. இனிமே நீ கேட்கும்போது பதில் சொல்றதுக்குப் பதிலா உன் பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கறேன்’ என்று. முதல் சில நாள் கேள்விகள் கூடத்தான் செய்யும். கூடுகிறதே என்று பயந்து பழைய பதிலுக்குப் போய்விட்டால், விடாமல் கேட்டால் பதில் கிடைக்கும் என்று ஆகிவிடும்.

ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இதை அம்மாவுக்கும் சொல்லலாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் பக்கத்தில் ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்று போட்டிருக்கிறதே, அந்த எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் உள்ளே வரும்படி வகுக்கப்படுவது. அப்படியென்றால் ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது கோட்டுக்கு வெளியே போக 64 சதவீதம் வாய்ப்பு. முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்லாமே கோட்டுக்குள் இருப்பவர்கள்தான் குறைவு. வெளியே போன எண்ணைத் தடித்த எழுத்தில் காட்டுவது இயந்திரம், அது பொருட்படுத்த வேண்டியதா என்று சொல்வது டாக்டர். அவர் சொல்லிவிட்டார்.

கேள்வி: முதுகலை உளவியல் படிக்கிறேன். சைபர்காண்ட்ரியா அளவுகோலைத் தமிழில் மொழிபெயர்த்து ஆய்வு செய்யப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
(ஒரு மாணவி)

பதில்: உருவாக்கியவர்களிடம் அனுமதி, இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பது, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது, இதெல்லாம் உங்கள் வழிகாட்டியே சொல்வார். அவர் சொல்லாமல் விடக்கூடிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தேடியபின் சிடுசிடுப்பு வருகிறதா என்று ஒரு கேள்வி உண்டு. எல்லாரும் சட்டென்று ‘எரிச்சல்’ என்று எழுதிவிடுவார்கள். நம் மொழியில் எரிச்சல் மனசிலும் வரும், வயிற்றிலும் வரும், கண்ணிலும் வரும். வேறு கேள்வித்தாளாக இருந்தால் பாதகமில்லை. உடம்பையே பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் கொடுக்கப்போகிற தாளில் ‘தேடியபின் எரிச்சல் ஏற்படுகிறதா’ என்று கேட்டால், பாதிப் பேர் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துப் பார்ப்பார்கள். இந்தப் பதற்றத்தின் பழைய பெயரான ‘ஹைப்போகாண்ட்ரியா’வுக்குக் கிரேக்கத்தில் ‘விலாக் குருத்தெலும்புக்குக் கீழே’ என்றுதான் பொருள் என்பது தனிக் கதை. ‘மற்றவர்கள் மேல் சள்ளென்று விழுகிறேன்’ மாதிரி எழுதிப் பாருங்கள்.

அப்புறம் பதில் கட்டங்கள். ‘அரிதாக’, ‘எப்போதாவது’, ‘சில சமயம்’ மூன்றில் எது குறைவு, எது அதிகம்? பத்துப் பேரிடம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ‘எப்போதாவது’ இடம் மாறிக்கொண்டே இருக்கும். யாரும் குழம்பாத ஐந்து சொற்கள் கிடைக்கும் வரை விடாதீர்கள்.

பதற்றம், கவலை, மன உளைச்சல் மூன்றும் மூலத்தில் வேறு வேறு சொற்கள். பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘டென்ஷன்’ ஒன்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்ப்பது தப்பு என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள், மூன்று கேள்விக்கும் அதையே போட்டுவிடவும் செய்யாதீர்கள்.

தலைகீழ்க் கேள்விகள் மூன்றும் எவை என்று இப்போதே சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்தைப் படித்திருப்பீர்கள்.

கடைசியாக, 300 பேரிடம் கொடுக்கும் முன் ஐந்து பேரை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, தனக்கு என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். என் ஆய்வேட்டில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான். புள்ளிவிவரம் எல்லாம் போட்டு முடித்த பிறகு, ஒரு கேள்வியைப் பலர் நேர்மாறாகப் புரிந்துகொண்டது தெரிந்தது. அந்தப் பக்கங்களை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. கண்ணிமை துடித்தது அந்த வாரம்தான்.

கேள்வி: இணையத்தில் படித்தேன் என்று ஆரம்பித்தாலே எங்கள் டாக்டர் முகம் மாறுகிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா?
(ஒரு வாசகர்)

பதில்: சொல்லாமல் விட்டால், மனசில் வைத்திருக்கும் பயத்துக்கு அவர் பதில் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து மறுபடி தேடுவீர்கள். வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் அறிகுறி, எப்போதிலிருந்து, எப்போது கூடுகிறது என்று சொல்லுங்கள். அவர் சோதித்து முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். அவர் பேனாவைக் கையில் எடுக்கும்போது, ‘எனக்கு இன்ன நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது டாக்டர். அது இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். எங்கே படித்தீர்கள் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் சொல்லும் காரணத்தை அங்கேயே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ராத்திரி வேண்டியிருக்கும்.